அரச ஈப்பிடிப்பானா, விசிறிக்கொண்டையா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

அமேசான் காட்டுப் பறவையான ஒனிக்கோரிங்கஸ் கொரோனாட்டஸ் இனத்துக்கு, நம் தமிழ்ப் பறவைப் பெயர்ப் பட்டியலுக்காகத் தாங்கள் முன்வைத்த "அரச ஈப்பிடிப்பான்" என்னும் பெயர், "ராயல் ஃபிளைகேட்சர்" என்ற ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு என்ற அளவில் பிழையற்றது. ஆயினும் அதை ஏற்க இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, நீண்ட வெண்வால் கொண்ட "அரசவால் ஈப்பிடிப்பான்" நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பெயர்களும் ஒரே பட்டியலில் இடம்பெற்றால் ஒன்றின் வகையே மற்றொன்று என்று படிப்பவர் கருதுவார்.

இரண்டாவது தடையே பெரியது. கிளையைப் பற்றி அமரும் பறவைகளின் வரிசை இரு பெரும்பிரிவுகளாகப் பிரிகிறது. நம் ஈப்பிடிப்பான்கள், காகம், மைனா முதலியவை ஒலியுறுப்பில் தசைகள் மிகுந்த பிரிவைச் சேர்ந்தவை. தென்னமெரிக்காவில் பறந்து பூச்சி பிடிக்கும் இப்பறவையும் அதன் சுற்றமும் அத்தசைகள் குறைந்த மற்றப் பிரிவைச் சேர்ந்தவை. உறவுமுறை பார்த்தால், குளிர்காலத்தில் நம்மூருக்கு வலசை வரும் ஆறுமணிக்குருவியே இதற்கு நெருக்கமானது. தட்டையான அகன்ற அலகும் அதன் அடியில் விறைத்து நிற்கும் மயிர்களும் ஒரே தொழில் காரணமாக இரு பிரிவுகளிலும் தனித்தனியே தோன்றியவை. தேன் குடிக்கும் தொழில் ஒன்றாயினும், அமெரிக்கப் பறவையைத் தேன்சிட்டு என்னாமல் ஓசனிச்சிட்டு என்று நாம் பிரித்து வழங்குவதை இங்கே முன்மாதிரியாகக் கொள்ளலாம். (அரசவால் ஈப்பிடிப்பானையே இப்போது வேறு குடும்பத்தில் வைத்துவிட்டார்கள் என்று தாங்கள் மறுக்கக்கூடும், வேரூன்றிய பழைய பெயரை மாற்றுவது வேறு, புதுப்பெயரிலேயே குழப்பத்தை விதைப்பது வேறு.)

ஏறத்தாழ 16 செ.மீ. நீளமுள்ள இப்பழுப்புப் பறவைக்குத் தனி அடையாளம் அதன் கொண்டைதான். பெரும்பாலான நேரம் அது மடிந்து பின்தலையில் நீட்டிக்கொண்டிருப்பதால், முன்னே நீண்ட அலகோடு சேர்ந்து தலை சுத்தியலைப் போலத் தெரியும். விரியும்போதோ முகத்துக்குக் குறுக்கே அரைவட்டமாக எழுந்து நிற்கும். ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள் சார்ந்த நிறம், இறகு நுனிகளில் கருநீலம். ஆய்வாளரின் வலையில் சிக்கிக் கையில் பிடிபட்டால், வாயைத் திறந்து தலையை இருபுறமும் மெல்ல அசைத்தபடி கொண்டையை முழுவதும் விரிக்கும். இணையத்தில் வலம்வரும் படங்களுள் பல அவ்வாறு கையில் வைத்து எடுக்கப்பட்டவை. ஆகவே "விசிறிக்கொண்டையன்" என்று பெயரிடலாம் என்பது என் பரிந்துரை.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இரண்டாம் தடையை ஏற்று "ஈப்பிடிப்பான்" என்பதைக் கைவிடுகிறேன். மரபணு ஆய்வுகளுக்குப் பின் இப்பேரினத்தை அமெரிக்க ஈப்பிடிப்பான்களின் குடும்பமான டைரன்னிடேயிலிருந்தே பிரித்து, சிலர் டிட்டைரா குடும்பத்திலும் சிலர் தனிக்குடும்பத்திலும் வைப்பதால், குடும்பப் பெயரைச் சுமக்காத சொல்லே நீடிக்கும். அரிதாக விரியும் ஓர் உறுப்பைக் கொண்டு பெயரிடலாமா என்ற ஐயத்தால், ஓடைகளின் மேல் தொங்கும் அதன் மிக நீண்ட கூட்டைக் கொண்டு பெயர் அமைக்க முயன்றேன். அது தூக்கணாங்குருவியின் எல்லைக்குள் போய்விடுகிறது.

"அன்" ஈறு மட்டும் தேவையில்லை. பெண்ணுக்கும் கொண்டை உண்டு. கூடு கட்டி அடைகாப்பதும் பெண்ணே. "பொற்றொடி" என்பது தொடி அணிந்தவளைக் குறிப்பது போல, "விசிறிக்கொண்டை" என்பதே அன்மொழித்தொகையாகப் பறவையைக் குறித்துவிடும். விசிறிவால் என்று வழங்கும் வழக்கும் துணைநிற்கிறது. சில பட்டியல்கள் ஒரே இனமாகவும் சில நான்கு இனங்களாகவும் கொள்வதால், முன்னடை சேர்க்க இடம் தரும் குறுஞ்சொல்லே ஏற்றது: அமேசான் விசிறிக்கொண்டை, மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வடமேற்கு வரை வாழ்வதற்கு வடக்கத்தி விசிறிக்கொண்டை, மேற்கு எக்வடோருக்கும் அதையடுத்த பெருவுக்கும் உரியதற்குப் பசிபிக் விசிறிக்கொண்டை, காடழிப்பால் அருகிப்போன பிரேசில் கீழைக்கரை இனத்துக்கு அட்லாண்டிக் விசிறிக்கொண்டை. வேறு மறுப்பு வராவிடில் இவற்றையே பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.