அலைக் கொன்ட்ரோலருக்கு ஏற்ற பம்ப் எது?

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் வீட்டில் 300 லீற்றர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மென்பவளங்களும் ஒரு சோடி கோமாளி மீன்களும்தான். தொட்டியில் அலை எழுவதற்காக இரண்டு பம்ப்களை மாறி மாறி ஓட விடும் அலைக் கொன்ட்ரோலர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதற்கு எந்தப் பம்பை வாங்குவது என்பதுதான் கேள்வி.

இப்போது இருப்பது சாதாரண 230 வோல்ட் ஏசி பம்ப். கொன்ட்ரோலர் நிறுத்தித் திரும்பப் போடும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். சில நேரம் உள்ளே இருக்கும் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கி, தடுப்பில் முட்டி, ஒரு நடுக்கத்தோடு சரியான பக்கம் திரும்புகிறது. இப்படியே நாள் முழுக்க ஓடினால் தண்டும் காந்தமும் சீக்கிரம் தேய்ந்துவிடும். மெதுவாகத் தொடங்கும் வசதியுள்ள ஏசி பம்ப் போதுமா, இல்லை டிசிக்கே போய்விடலாமா? டிசி பம்ப் அணையாமல் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும், மின்சாரமும் குறைவு. எனக்கு மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் என் கொன்ட்ரோலர் ப்ளக்கை அணைத்துப் போடும் வகை, டிசிக்கு அது பொருந்தாது. அப்புறம் அதையும் மாற்ற வேண்டி வரும்.

மணிக்கு 6000 லீற்றர், அதாவது தொட்டி அளவின் இருபது மடங்கு ஓட்டம், மென்பவளத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன். கொழும்பு வெக்கையில் பம்ப் மோட்டர் தண்ணீரைச் சூடாக்குவதும் கவலைதான்.

டுன்சே, ஜெபாவோ கம்பனிப் பம்ப்களைப் பாவித்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்: உப்புத் தண்ணீரில் எது நின்று பிடிக்கிறது? உதிரி விசிறி கொழும்பில் கிடைக்குமா? கரண்ட் போனால் பற்றரியில் ஓடுமா?