டைம் அவுட்: ‘இடைநிறுத்தம்’ போதாது, ‘நிறுத்துரிமை’ வேண்டும்

> டைம் அவுட்டுக்கு ‘இடைநிறுத்தம்’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா,

அமெரிக்கக் கால்பந்துச் சொற்களுக்கான நம் தமிழ்ப் பட்டியலைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் இது. அந்த ஆட்டத்தில் ஆட்டக் கடிகாரம் பல வழிகளில் நிற்கும். எறிந்த பந்தை யாரும் பிடிக்காமல் அது தரையில் விழுந்தால் நிற்கும். கடைசி ஐந்து நிமிடங்களில் பந்து வைத்திருப்பவர் பக்கக்கோட்டைத் தாண்டினாலும் நிற்கும். இவை எல்லாமே இடைநிறுத்தங்கள்தாம். டைம் அவுட் தானாக நேர்வதன்று. கடிகாரத்தை நிறுத்தச் சொல்ல, பாதி ஆட்டத்துக்கு மூன்று என்று அணியின் கையில் கொடுத்துவைத்த உரிமை அது. எடுத்தால் குறையும்; முதல் பாதியில் மிஞ்சியது இரண்டாம் பாதிக்கு வராது. அதனால்தான் ‘வாக்குரிமை’ போல ‘நிறுத்துரிமை’ என்கிறேன்.

2015 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பவுல் என்னும் இறுதிப்போட்டியைப் பாருங்கள். நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. சியாட்டிலின் மார்ஷான் லிஞ்சை இலக்குக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் மடக்கிவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம் மிச்சம். சியாட்டில் அடுத்து முன்னிலை பெற்றுவிட்டால் பதிலடி கொடுக்க நேரம் வேண்டுமே! நியூ இங்கிலாந்து பயிற்சியாளர் பில் பெலிச்சிக் கடிகாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். கையில் நிறுத்துரிமை இருந்தும் அவர் நிறுத்தவில்லை. 26 விநாடி மிச்சமிருக்கையில் சியாட்டிலின் ரசல் வில்சன் எறிந்த பந்தை நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். கோப்பை நியூ இங்கிலாந்துக்கு. அங்கே இடைநிறுத்தம் எதுவும் நிகழவே இல்லை. நிகழாத ஒன்றைப் பற்றித்தான் இன்றுவரை பேசுகிறார்கள். கையில் இருந்தும் எடுக்காமல் விட்டதைச் சொல்ல ‘இடைநிறுத்தம்’ உதவாது.

டைம் அவுட்டுக்கு ‘நேர முடிவு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது கணினித்துறைக்குப் பொருந்தும். அங்கே காத்திருக்கும் நேரம் தீர்ந்துபோவதுதான் பொருள். 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் நடந்த கிரிக்கெட் போட்டியில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ‘டைம் அவுட்’ முறையில் ஆட்டமிழந்ததும் அப்படித்தான்: குறித்த நேரம் கடந்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்திலோ நேரம் தீராமல் காப்பதற்கே இதை எடுக்கிறார்கள். நேர்மாறான இரண்டு பொருளுக்கு ஒரே சொல் வேண்டாம்.

மிச்சமுள்ள ஆட்ட நேரத்தைத் திட்டமிட்டுச் செலவிடும் கிளாக் மேனேஜ்மென்ட்டுக்கு ‘நேர ஆளுகை’ போதும். ‘கடிகார மேலாண்மை’ என்றால் கடிகாரம் பழுதுபார்ப்பதுபோல ஒலிக்கிறது.

பட்டியலில் ‘நீல் டவுன்’ என்பதற்கு உள்ள ‘மண்டியிடல்’ என்பதை மட்டும் தயவுசெய்து நீக்குங்கள். தோற்ற அணி மண்டியிட்டது என்றுதான் நம் நாளிதழ்கள் எழுதும். இங்கே முழங்காலை ஊன்றுவது வெல்லும் அணி. பந்தை வாங்கியதும் ஊன்றினால் அந்த முயற்சி முடிந்துவிடும். கடிகாரம் மட்டும் ஓடும். அடுத்த முயற்சியைத் தொடங்க 40 விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம். எதிரணியிடம் நிறுத்துரிமை தீர்ந்திருந்தால், மூன்று முறை ஊன்றியே இரண்டு நிமிடத்தைக் கரைத்துவிடலாம். 1978 நவம்பர் 19 அன்று 17-12 என்று முன்னணியில் இருந்த நியூயார்க் ஜயண்ட்ஸ் அதைச் செய்திருந்தால் போதும். ஃபிலடெல்ஃபியாவிடம் நிறுத்துரிமை ஒன்றுகூட இல்லை. ஆனால் பந்தைக் கைமாற்றப்போய் நழுவவிட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டு ஓடி 19-17 என்று ஆட்டத்தையே பறித்துவிட்டார். ‘முழங்காலூன்றல்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள்.