ஆசிரியர்களுக்குக் காணிக்கையாக ஒரு ஜாஸ் ஆல்பம்: அவர்கள் மெட்டா, நம் மெட்டா?

பெரம்பூர் பியானோ:
அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் ஒரு சிறு ஜாஸ் குழுவில் பியானோ வாசிக்கிறேன். ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடன இரவுகளில் வாசித்துவந்த என் ஆங்கிலோ இந்திய மாஸ்டருக்கும், வியாசர்பாடியில் கானாவுக்கு டோலக் வாசித்த வாத்தியாருக்கும் காணிக்கையாக ஓர் ஆல்பம் பதிவு செய்யவிருக்கிறோம். அவர்கள் வாசித்தவற்றை அப்படியே வாசிப்பதுதான் மரியாதை என்கிறார் எங்கள் டிரம்மர். எனக்கோ புதிய மெட்டுகள் எழுத ஆசை. ஜாஸ் கலைஞர்கள் இதை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள்?

ராயபுரம் ரசிகர்:
தம்பி, 1994இல் வெளிவந்த 'எ டிரிப்யூட் டு மைல்ஸ்' ஆல்பத்தை முதலில் கேளுங்கள். 1991 செப்டம்பரில் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் மறைந்தபின், 1960களில் அவருடைய குழுவில் வளர்ந்த ஹெர்பி ஹான்காக், வேய்ன் ஷார்ட்டர், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் ஆகிய நால்வரும், மைல்ஸ் அக்கறையோடு வழிகாட்டிய இளைஞர் வாலஸ் ரோனியை டிரம்பெட்டுக்குச் சேர்த்துக்கொண்டு வாசித்தது அது. அதிலுள்ள ஏழு உருப்படிகளில் 'சோ வாட்', 'ஆல் புளூஸ்' இரண்டு மட்டுமே மைல்ஸ் தனியாக எழுதியவை. 'எய்ட்டி ஒன்' அவரும் கார்ட்டரும் சேர்ந்து எழுதியது. மற்ற நான்கும் சீடர்களுடையவை: 'ஆர்ஜே' கார்ட்டருடையது, 'லிட்டில் ஒன்' ஹான்காக்குடையது, 'பினோக்கியோ' ஷார்ட்டருடையது, 'எலிஜி' வில்லியம்ஸுடையது. இவற்றில் 'ஆர்ஜே', 'லிட்டில் ஒன்', 'பினோக்கியோ' மூன்றையும் மைல்ஸே தம் குழுவில் வாசித்துப் பதிவு செய்திருந்தார். இளையவர்கள் எழுதிவந்ததை ஏற்று வாசித்த ஆசானுக்கு அதே மெட்டுகளைத் திருப்பி வாசிப்பதைவிடப் பொருத்தமான காணிக்கை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மாஸ்டர் கேட்டுத் தலையசைத்த மெட்டு ஏதேனும் உங்களிடம் இருந்தால், ஆல்பத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.

கொருக்குப்பேட்டை பேஸ்:
ரசிகர் ஐயாவின் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஜாஸ் பியானோ கலைஞர் சிக் கொரியா, தமக்கு முந்தைய தலைமுறைப் பியானோ மேதை பட் பவலுக்குக் காணிக்கையாக 1997இல் 'ரிமெம்பரிங் பட் பவல்' ஆல்பத்தை வெளியிட்டபோது, பவலின் மெட்டுகளையே பெரும்பாலும் வாசித்தார். ஜோஷுவா ரெட்மன், கென்னி காரட் போன்ற இளையவர்கள் நடுவே, 1949இலேயே பவலோடு வாசித்திருந்த ராய் ஹெய்ன்ஸை டிரம்ஸில் அமர்த்தினார். பவலாவது நிறையப் பதிவு செய்துவிட்டுப் போனார். நம் பகுதி நடன மேடைகளிலும் துக்க வீட்டுக் கானாக்களிலும் ஒலித்தவற்றில் எவ்வளவு பதிவாகியிருக்கும்? உங்கள் ஆசிரியர்கள் சொந்தமாக மெட்டமைத்தவை நினைவிலிருக்கும்போதே அவற்றைப் பதிவு செய்துவிடுங்கள். புதியவற்றைப் பிறகும் எழுதலாம்.

பெரம்பூர் பியானோ:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாஸ்டர் எழுதிய வால்ட்ஸ் நடன மெட்டு ஒன்று அவர் கையெழுத்திலேயே என்னிடம் இருக்கிறது. அதையும், அவர் திருத்திக்கொடுத்த என் மெட்டு ஒன்றையும் சேர்க்கிறேன். வாத்தியாரின் மகன் டோலக் வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். டோலக்கும் டபுள் பேஸும் ஒன்றையொன்று அமுக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டை பேஸ்:
டோலக்கின் இடப்பக்க அடியும் பேஸின் கீழ்த் தந்திகளும் ஒரே தாழ்ந்த ஒலிப்பரப்பில் மோதும். ஆகையால் டோலக் கும்கி (இடப்பக்கத் தோலைக் கையால் அழுத்தித் தேய்த்து எழுப்பும் வளைந்த தாழ்ந்த ஒலி) கொடுக்கும் இடங்களில் பேஸ் கலைஞர் கீழ்த் தந்தியை விட்டு மேலே ஏறட்டும். டிரம்மர் காலால் அடிக்கும் கிக் டிரம்மை நிறுத்திவிட்டு, ரைடு சிம்பல் என்னும் பெரிய தாளத்தட்டில் மட்டும் ஜாஸின் ஸ்விங் நடையைப் பிடிக்கட்டும். உங்கள் இடக்கையும் அங்கே ஓய்வெடுக்கலாம். டோலக்கின் இரு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வையுங்கள்.