பங்குனியில காத்தும் இல்ல மழையும் இல்ல, கடல் மட்டும் ஏன் ரோட்டுக்கு ஏறுது?

மலையோரத்துக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்துல மலைப்பக்கம் குலசேகரத்துல ரப்பர் தோட்டத்துக்குள்ள வளந்தவ, மாசி பங்குனின்னா எங்களுக்கு ரப்பர் இலை உதுந்து புதுத்தளிர் வரும், கொல்லாம்பழம் விழும், மண்டைக்காடு கொடைக்குப் போற பஸ்ல நிக்க எடம் கெடைக்காது, அம்பிடுதான். இப்ப கல்யாணம் கழிஞ்சு தேங்காப்பட்டணம் பக்கம், கடல்ல இருந்து ரெண்டாவது வரிசை வீடு. பப்படம் பொரிச்சு வச்சா சோறு போடுறதுக்குள்ள நமத்துப்போவுது, ஜன்னல் கம்பி போன வருஷம் பெயின்ட் அடிச்சது இப்ப பொரிஞ்சு பொரிஞ்சு உதிருது, காலையில பத்து மணிக்கு மேல ஒரு இலை ஆடாது, வேர்வையில குளிச்சிட்டே சமைக்கணும். இதெல்லாம் போட்டும். நேத்து நட்டுச்சை, மேகம் கூட இல்ல, திடீர்னு தண்ணி தடுப்புக்கல்லு தாண்டி ரோட்டுக்கு வந்து ஸ்கூட்டர் சைலன்சர் வரை நனைச்சிட்டு. மாமி "கள்ளக்கடல்லா, இந்த மாசத்துல வரும்"னு சொல்லிட்டு மீன் கழுவப் போயிட்டாங்க. ஆனி ஆடியில ஏறுனா புரியுது, காத்தே இல்லாம எப்பிடி? முன்னாடியே தெரிய வழி உண்டா?

வள்ளக்காரன்:
தங்கச்சி, காத்து இங்க இல்ல, அடிச்ச எடம் வேற. இந்தியப் பெருங்கடல்ல தெக்க, அண்டார்டிகா போற வழியில பெரிய புயல் அடிக்கும், அங்க கெளம்புற அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி சில நாள் கழிச்சு நம்ம கரைக்கு வருது. ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் நல்ல இடைவெளி இருக்கும், நடுக்கடல்ல வள்ளத்துல இருந்தா பெருசா தெரியாது, கரையில ஆழம் கொறையும்போதுதான் எழும்பி ஏறும். அமாவாசை பௌர்ணமி ஏத்தமும் கூட சேந்தா வீட்டுக்குள்ள வந்துரும். மழைக்காலத்துக்கு முன்ன சித்திரை வைகாசியிலதான் அதிகம். ஹைதராபாத்ல இன்காய்ஸ்னு ஒரு மத்திய அரசு ஆபீஸ் இருக்கு, கடல் எச்சரிக்கை அவுங்கதான் குடுக்காங்க, மாவட்ட நிர்வாகமும் அத வச்சுத்தான் சொல்லும். எச்சரிக்கை வந்தா வள்ளத்த மேல இழுத்துக் கெட்டணும், ரெண்டு வள்ளத்துக்கு நடுவுல எடம் விடணும், இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு இடிச்சு ஒடையும். பிள்ளையள கால் நனைக்க விடாதீங்க. 2024 மே மாசம் நம்ம மாவட்டத்து லெமூர் பீச்சில டாக்டருக்குப் படிச்ச அஞ்சு பிள்ளைய அலையில செத்துப்போனது இப்பிடி எச்சரிக்கை இருந்த நேரத்துலதான்.

பட்டறை:
கடலுக்கு நம்மகிட்ட வைத்தியம் இல்ல, கம்பிக்கு உண்டு. உப்புத்தூள் கம்பியில ஒட்டுனா காத்துல உள்ள ஈரத்த இழுத்து வச்சுக்கிடும், அதான் மழை இல்லாத மாசத்துலயும் துரு நிக்காது. வாரத்துக்கொருக்க நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, அடியில உள்ள முக்கு மூலைய விடாதீங்க. துருவுக்கு மேலயே பெயின்ட் அடிக்கிறது காசைக் கடல்ல போடுறதுதான், சுரண்டி ப்ரைமர் அடிச்சிட்டு அடிக்கணும். புதுசா போடுதிய்யன்னா எஸ்.எஸ்.ல, அதான் எவர்சில்வர் கம்பியில, 304ன்னு ஒரு ரகம் சொல்லுவாங்க, கடலோரத்துக்கு அதுலயும் புள்ளி விழும், 316 கேளுங்க, மாலிப்டினம் சேத்தது, வெலை கூடுதல்.

நித்திரவிளை அக்கா:
எனக்க கொறை வேற. ஏப்ரல் 15ல கெழக்குக் கடல்ல மீன்பிடித் தடை வந்துரும், சின்னமுட்டத்துல விசைப்படக நிப்பாட்டிருவான். நம்ம மேக்குக் கடல்ல, தேங்காப்பட்டணம் கொளச்சல் பக்கம், தடை தொடங்குறது ஜூன் 1 தான். சரி, நமக்கு மீன் கெடைக்கும்லான்னு பாத்தா அந்தப் பக்கத்து வியாபாரியும் இங்க வந்து நிக்கான், சாளைக்கு நெய்மீன் வெலை சொல்லுதான். ரெண்டு கடல் உள்ள மாவட்டத்துல பொறந்து கருவாட்டுக் கொழம்பு வைக்கணும்னு எழுதியிருக்கு பாருங்க.

மலையோரத்துக்காரி:
வள்ளக்கார அண்ணே, நல்லா புரிஞ்சுது. ஸ்கூட்டர் இனிமே பின்பக்கம்தான். பட்டறை அண்ணே, 316ல சின்ன ஜன்னலுக்கு என்ன வரும்? அக்கா, எங்க தெருவுலயும் அதே வெலைதான். பப்படத்துக்கு மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லல.

நித்திரவிளை அக்கா:
எவர்சில்வர் தூக்குவாளியில அடியில கொஞ்சம் பச்சரிசி போட்டு இறுக்கி மூடி வை மக்கா. இல்லன்னா பொரிச்ச சட்டியில இருந்தே எடுத்துத் தின்னு.