‘ஆஸ்ட்ரசைஸ்’: இந்தச் சொல்லோடு உங்கள் அனுபவம் என்ன?

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். போன மாதம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லில் சறுக்கிவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. இந்தச் சொல்லை நீங்கள் எங்கேயாவது எதிர்கொண்டிருந்தால் எழுதுங்கள்.

பள்ளி ஆலோசகர் ஒருவர் ஒரு தாய்க்கு எழுதிய கடிதம் அது. பையன் ‘ஆஸ்ட்ரசைஸ்ட் பை ஹிஸ் கிளாஸ்மேட்ஸ்’ என்று ஒரு வரி. என்னிடமிருந்த அகராதி ‘விலக்கு, வெளியேற்று’ என்றது. அவசரத்தில் ‘வகுப்பிலிருந்து விலக்கப்பட்டுள்ளான்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் அந்த அம்மா போன் செய்தார். குரல் நடுங்கியது. “ஸ்கூலை விட்டே நிறுத்திட்டாங்களாங்க? இன்னிக்குக் காலையிலகூட யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுத்தானே போனான்?”

பையன் தினமும் அதே வகுப்பில், அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனோடு பேசவில்லை, அவ்வளவுதான். மேலிடம் உத்தரவு போட்டு ஒருவரை வெளியே அனுப்பினால் அதற்கு ‘எக்ஸ்பெல்’ இருக்கிறது. ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்பது கூட இருப்பவர்கள் சேர்ந்து ஒருவரை ஒதுக்குவது. ஆள் அங்கேயே இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு தாயை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் செய்துவிட்டேன்.

* * *

நண்பரே, அகராதி முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. அந்தச் சொல் பிறந்த இடத்தில் அது நிஜமான வெளியேற்றம்தான். ஏதென்ஸ் போயிருந்தபோது பழைய சந்தைவெளியான அகோராவின் அருங்காட்சியகத்தில் அந்த ஓடுகளைப் பார்த்தேன். ‘ஆஸ்ட்ரகான்’ என்றால் கிரேக்கத்தில் பானை ஓடு. உடைந்த பானைத் துண்டில் கூரான எதையோ வைத்துக் கீறிய பெயர்கள். சிலதில் எழுத்து கோணல்மாணல், சிலதில் முத்து முத்தாக.

பழங்கால ஏதென்ஸில், ஊருக்கு ஆபத்தாக வளர்கிறார் என்று தோன்றுபவரின் பெயரை மக்கள் ஓட்டில் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6000 ஓடுகள் விழ வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. அதிகம் வாங்கியவர் 10 நாளில் கிளம்பியாக வேண்டும், 10 ஆண்டுகள் திரும்பக் கூடாது. வீடும் நிலமும் அவருடையதாகவே இருக்கும். குற்றச்சாட்டு, விசாரணை எதுவும் கிடையாது. முதலில் நடந்தது கி.மு. 487இல்.

என்னை உலுக்கியது வேறொன்று. அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளிஸின் பெயர். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் எழுதியவர்கள் வெறும் 14 பேர்! முன்கூட்டியே எழுதிக் குவித்து வைத்திருக்கிறார்கள். சலாமிஸ் கடற்போரில் அந்த நகரத்தைக் காப்பாற்றியவர் அவர். கடைசியில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். நாலு பேர் கூடிப் பேசி வைத்துக்கொண்டு ஒருவரை ஒதுக்குவது அன்றைக்கே இருந்திருக்கிறது. ஓடு போய்விட்டது, சொல்லில் அந்தக் ‘கூடிச் செய்வது’ மட்டும் தங்கிவிட்டது.

* * *

எனக்கு இந்தச் சொல் படிப்பில் வரவில்லை, வாழ்க்கையில் வந்தது. பழைய வேலையிடத்தில் ஒரு கணக்குப் பிழையை மேலாளரிடம் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் மாறியது. நான் போய் உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நிற்கும். குழுவுக்கு வரும் செய்தி எனக்கு மட்டும் வராது. காலை வணக்கம் சொன்னால் கணினித் திரையைப் பார்ப்பார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

வீட்டில் “அவாய்ட் பண்றாங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தோழிதான் “இல்லை, இதற்குப் பேர் ஆஸ்ட்ரசைஸ்” என்றாள். ஒருவர் நம்மைத் தவிர்த்தால் அவாய்ட். பத்துப் பேர் சேர்ந்து தவிர்த்தால் அது வேறு. பெயர் கிடைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது, உண்மையாகச் சொல்கிறேன்.

அப்புறம்தான் கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரைப் பற்றிப் படித்தேன். பூங்காவில் முன்பின் தெரியாத இருவர் அவரோடு ஃபிரிஸ்பி தட்டு எறிந்து விளையாடிவிட்டு, திடீரென்று அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்களாம். அந்த வலியிலிருந்துதான் கணினியில் பந்து எறியும் ஒரு சோதனையை அவர் உருவாக்கினார். பந்து வராமல் போனவர்களின் மூளையில், உடல் வலியோடு தொடர்புள்ள ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது என்று 2003இல் வந்த ஆய்வு சொன்னது. சும்மா ஒரு திரை விளையாட்டுக்கே அப்படி!

* * *

‘பாய்காட்’டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் ரொம்ப நாள் குழப்பியிருக்கிறேன். அயர்லாந்தில் 1880இல் சார்லஸ் பாய்காட் என்ற நிலமேலாளருக்கு யாரும் வேலை செய்யாமல், பொருள் விற்காமல் விட்டதில் பிறந்த சொல் அது. அதன் பின்னால் ஒரு கோரிக்கை இருக்கும், அது நிறைவேறினால் முடிந்துவிடும். ஆஸ்ட்ரசைஸ் செய்ய எந்தக் கோரிக்கையும் வேண்டாம்.

* * *

எல்லோருக்கும் நன்றி. ‘ஒதுக்கி வைத்தார்கள்’, ‘தள்ளி வைத்தார்கள்’ இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஆனால் ஒரு தாய் படிக்கப் போகும் கடிதம். கடைசியில் வரியை இப்படி மாற்றி அனுப்பினேன்: ‘வகுப்பில் பிள்ளைகள் யாரும் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை.’ அனுப்புவதற்கு முன் அவரிடமே போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அதனாலதான் லீவு நாளில்கூட வெளிய விளையாடப் போகமாட்டேங்கிறான்” என்றார்.