கோட்டாறு வீட்டார் குழு: பாப்பாவுக்குப் புனிதர் பெயர்

ஜெனோ: எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவின் திருமுழுக்குப் படிவத்தைச் சனிக்கிழமை மாலைக்குள் பங்கு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கூப்பிடும் பெயர் நிலா, அதில் மாற்றமில்லை. புனிதர் பெயர்தான் முடிவாகவில்லை. சொல்லுங்கள்.

சகாயம் அத்தான்: தெரசா.

மேரி பெரியம்மா: மோனிக்கா.

ஆன்சி: பக்கீதா!!

மேரி பெரியம்மா: அது யாரடி?

அருள் சித்தப்பா: முதலில் பிரியாணிக்கு எத்தனை பேர்? சமையல்காரர் மறுபடியும் கேட்டுவிட்டார்.

ஸ்டெல்லா அத்தை: கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். நம் மண்ணிலேயே ஒரு புனிதர் இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்? நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். சொத்தும் மாடுகளும் கைவிட்டுப் போய் மனம் ஒடிந்திருந்த நேரத்தில், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத விவிலிய மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார். அதற்காகவும் அவரைப் பகைத்தார்கள். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், காயத்தில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை. மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். நம் சவேரியார் கோயிலில்தான் அவர் கல்லறை இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது இந்த வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அழாதவர் யார்?

ஆன்சி: அத்தை, பாப்பா பெண்.

ஸ்டெல்லா அத்தை: தெரியும். அதனால்தான் ஞானப்பூ என்கிறேன். அவருடைய மனைவியின் பெயர். கணவரைப் பின்பற்றித் திருமுழுக்குப் பெற்ற பார்கவி அம்மாள். கணவர் கைவிலங்கோடு போனதையும் திரும்பி வராததையும் தாங்கிக்கொண்டு வாழ்ந்தாளே, அவளை யார் நினைக்கிறார்கள்?

மேரி பெரியம்மா: அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுக்கவில்லையே மதினி. சாமியார் ஒப்புக்கொள்வாரா?

ஆன்சி: ஒப்புக்கொள்வார் அம்மா. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது என்பதுதான் திருச்சபைச் சட்டம். புனிதர் பெயரேதான் வேண்டும் என்ற கட்டாயமில்லை.

சகாயம் அத்தான்: அம்மா, உங்கள் ஆசையை என் பெயரிலேயே நிறைவேற்றிக்கொண்டீர்கள். பாப்பாவையாவது விடுங்கள் 😀

அருள் சித்தப்பா: 😂😂

ஸ்டெல்லா அத்தை: உனக்கு ஏன் தெரசா? காரணம் சொல்.

சகாயம் அத்தான்: இப்போது இரவுப் பணி. வார்டு அமைதியாக இருக்கிறது, சொல்கிறேன். நான் சொன்னது அன்னை தெரசாவை இல்லை, பிரான்ஸ் நாட்டுக் குழந்தை தெரசாவை. மடத்தில் துணி துவைக்கும்போது எதிரில் நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரை அவள் முகத்தில் தெறித்துக்கொண்டே இருந்தாராம். அவள் முகத்தைத் துடைக்கவில்லை. அடுத்த முறையும் அதே இடத்துக்கே போய் நின்றாள். நோயாளியின் உறவினர் என்னிடம் கத்தும்போதெல்லாம் எனக்கு அந்தத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். பதினைந்து வயதில் மடத்துக்குள் போனவள், 24 வயதில் காசநோயில் இறந்தாள். மடத்தைவிட்டு வெளியே போகாதவளை 1927-இல் சவேரியாருக்குச் சமமாக மறைபரப்புப் பணிக்கே பாதுகாவலி ஆக்கினார்கள்.

அருள் சித்தப்பா: எதிரில் நின்றது நம் ஸ்டெல்லா அக்காவாக இருந்திருந்தால் தண்ணீர் தானாகவே திரும்பிப் போயிருக்கும்.

ஸ்டெல்லா அத்தை: அருள், நீ பிரியாணியைப் பார்.

மேரி பெரியம்மா: தாத்தா பக்கத்தில் இருக்கிறார். அந்தோணியம்மாள் என்று எழுதச் சொல்கிறார். இன்று செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் கோயிலுக்கு யார் போனீர்கள் என்றும் கேட்கிறார்.

ஜெனோ: தாத்தா 🙏

ஸ்டெல்லா அத்தை: காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோணியார். பழைய வீட்டுச் சாவியையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேரி பெரியம்மா: சாவி கடைசியாக யாரிடம் இருந்தது என்று அந்தோணியாரைக் கேட்க வேண்டியதில்லை.

ஜெனோ: பெரியம்மா, அத்தை, சாவி விஷயம் பிறகு. ஆன்சி, நீ சொல்.

ஆன்சி: பக்கீதா சூடான் நாட்டுப் பெண். சின்ன வயதில் கடத்தப்பட்டு, கை மாறி மாறி விற்கப்பட்டவள். அந்தப் பயத்தில் தன் சொந்தப் பெயரையே மறந்துவிட்டாள். இத்தாலிக்கு வந்த பிறகு வீட்டு எஜமானி திரும்ப அழைத்துப் போக வந்தபோது, வெனிஸ் நகர மடத்திலிருந்து வர மாட்டேன் என்று நின்றாள். 1889-இல் வழக்கு நீதிமன்றம் போனது. அவள் சட்டப்படி ஒருநாளும் அடிமையாக இருந்ததில்லை என்று தீர்ப்பு வந்தது. சட்டம் படிக்கிற எனக்கு இதைவிடப் பெரிய அற்புதம் வேண்டாம். பின்னாளில், கடத்தியவர்களைப் பார்த்தால் அவர்கள் கையை முத்தமிடுவேன் என்று சொன்னாளாம். அது மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

மேரி பெரியம்மா: பாவம் பிள்ளை.

ரீனா: பெரியம்மா, நீங்கள் ஏன் மோனிக்கா என்றீர்கள்?

மேரி பெரியம்மா: ஆச்சி இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கோபித்துக்கொண்டு பம்பாய் போன பிள்ளையிடமிருந்து கடிதமே வராத காலத்தில், மோனிக்கம்மாள் படத்தின் முன்னால்தான் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். இவ்வளவு கண்ணீர் சிந்திய தாயின் மகன் கெட்டுப்போக மாட்டான் என்று ஓர் ஆயர் மோனிக்காவிடம் சொன்னாராமே, அதைச் சொல்லிச் சொல்லியே தேற்றிக்கொள்வார்கள்.

அருள் சித்தப்பா: மதினி, அது இங்கே வேண்டாம்.

மேரி பெரியம்மா: குத்திக் காட்டவில்லை அருள். ரீனா கேட்டாள், சொன்னேன்.

ஸ்டெல்லா அத்தை: அந்த மகன் அகுஸ்தீனார் 387-இல் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கா இறந்தாள். மகனுடைய மாற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அருள் சித்தப்பா: அம்மாவும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள் அக்கா.

ஸ்டெல்லா அத்தை: ஆமாம் தம்பி.

அருள் சித்தப்பா: மோனிக்கா என்று வைத்தால் எனக்குச் சந்தோஷம். அவ்வளவுதான்.

சகாயம் அத்தான்: எனக்கும் சரி மாமா.

ஆன்சி: அடுத்த பாப்பாவுக்குப் பக்கீதா. எழுதி வைத்துக்கொள்ளுங்கள் மதினி.

ரீனா: ஜெனோ, படிவத்தில் இரண்டு பெயர் எழுத இடம் இருக்கிறதா? ஞானப்பூ என்ற பெயரும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜெனோ: ஒரு கோடுதான் இருக்கிறது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன்.

மேரி பெரியம்மா: தாத்தா அந்தோணியம்மாளை விடமாட்டேன் என்கிறார்.

ஸ்டெல்லா அத்தை: அதிருக்கட்டும், திருமுழுக்கில் பாப்பாவுக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் யார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

அருள் சித்தப்பா: ஜெனோ, தலை எண்ணிக்கை. சமையல்காரர் மறுபடியும் அழைக்கிறார்.