கண்டிக்கோட்டை: பள்ளத்தாக்கோடு திரும்பிவிடாதீர்கள்

கடப்பா மாவட்டத்துக் கண்டிக்கோட்டைக்குப் போகிறவர்களில் பலர், விடியற்காலையில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு, டிபனுக்கு ஜம்மலமடுகு இறங்கிவிடுகிறார்கள். எங்கள் திட்டமும் அதுதான். கோட்டைக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதைக் கெடுத்தார்.

“மெட்ராஸா? குடி பாத்தீங்களா? வெயில் ஏறினா அந்தக் கிடங்குக்குள்ள போய் உக்காருங்க, சல்லகா இருக்கும்” என்றார், தமிழும் தெலுங்குமாக. குடி என்றால் தெலுங்கில் கோயில், சல்லகா என்றால் குளுமையாக. (நம் ஊர்க்காரர்கள் வந்து வந்து பழகிய தமிழ்!)

அவர் கைகாட்டியது மாதவராயர் கோயில். நான்கு நிலைக் கோபுரம், விஜயநகரப் பாணித் தூண்கள். கருவறையில் சாமி இல்லை, பூசையும் இல்லை. விஜயநகரத்துக்குக் கீழே பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட கோட்டை இது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டா சுல்தானின் படைத்தலைவர் மீர் ஜும்லா கைப்பற்றினார். 1652இல் இங்கே வந்த பிரெஞ்சு நகை வணிகர் தாவர்னியே ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார்: பீரங்கி வார்ப்பதற்காகக் கோயில் கோயிலாகச் செப்புத் திருமேனிகளைத் திரட்டினார்களாம், மற்றதெல்லாம் உருகியது, கண்டிக்கோட்டைச் சிலைகள் ஆறு மட்டும் உருகவே இல்லையாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. வெறும் கருவறை முன்னால் நிற்கும்போது எனக்கு நம்பத்தான் தோன்றியது.

மசூதியை ஒட்டித்தான் அந்தத் தானியக் கிடங்கு. வளைந்த கூரை, தடித்த சுவர். பெரியவர் பேச்சு பொய்க்கவில்லை. உச்சிவெயில் தாழும்வரை அங்கேயே இருந்தோம். கோட்டைக்குள் இன்றும் ஊர் இருக்கிறது, ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதனால் வீட்டு வாசலில் கேமராவை நீட்டும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுநாள் அதே ஆற்றங்கரையில் தாடிபத்ரி. புக்க ராமலிங்கேஸ்வரர் கோயிலின் கோபுரங்கள் மேல்நிலை எழும்பாமலே நின்றுபோனவை. ஆனால் கட்டிய வரைக்கும் உளி படாத இடம் கிடையாது. இங்கே பூசை உண்டு, லிங்கத்தின் அடியில் ஊற்றும் உண்டு. சிந்தல வெங்கடரமணர் கோயிலில் கல்தேர் வடிவக் கருட மண்டபத்தையும் விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால், சிற்பத்துக்குக் கண்டிக்கோட்டையைவிடத் தாடிபத்ரிதான்.

சித்திரை, வைகாசியில் போகவேண்டாம், பாறை கொதிக்கும். பள்ளத்தாக்கின் விளிம்பு முழுக்கக் கம்பி வேலி கிடையாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் கையைப் பிடித்தபடியே நடங்கள். இன்னும் கீழே, ஆற்றோரம் புஷ்பகிரிக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் பாதை எப்படி என்று எழுதுங்கள், அடுத்து அங்கேதான்.